ஹெல்மெட் அண்ணாத்தே

படத்தின் ஒரு மணி பன்னிரண்டு நிமிடம் நாற்பதாவது விநாடியில் தெரு காலியாக இருந்தது.

“தொடச்சி வெச்ச மாரி கீது பாருங்க அண்ணி,” என்றான் பிரசன்னா.

எங்கள் கோவில்பதாகை வாடகை வீட்டின் ஹாலில், டிவிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தான். வரும்போது கால் கிலோ மைசூர்பா வாங்கி வந்திருந்தான். படத்தைப் புதுப்பித்து வெளியிட்டிருக்கிறார்களாம். பழையதை எடுத்துவிட்டார்களாம். இனி எங்கே தேடினாலும் இதுதான் கிடைக்குமாம். கடைசியில் ஓடும் நன்றிப் பட்டியலில் அவர்கள் குழுவின் பெயரும் வருகிறதாம்.

ஆவடி ஃபிரேம் போலீஸ். பிரசன்னாவையும் சேர்த்து மொத்தம் ஏழு பேர்.

படங்களில் தவறு பிடிப்பதுதான் அவர்கள் பொழுதுபோக்கு. மழையில் நனைந்த தலை அடுத்த ஷாட்டில் காய்ந்திருக்கும். குடிக்கக் குடிக்க டம்ளரில் காபி ஏறும். அதையெல்லாம் விநாடிக் கணக்கோடு எழுதிப் போடுவார்கள். என் கணவர் சம்பந்தம் அவர்களில் மூத்தவர். தொழிற்சாலையில் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் இருபத்தாறு வருடம் இருந்தவர். ஞாயிற்றுக்கிழமையும் அந்தக் கண்ணுக்கு லீவு கிடையாது.

அவர்கள் பிடித்ததிலேயே பெரிய மீன் இந்தப் படத்தில்தான் இருந்தது.

கதை நடப்பது 1946-இல். மாட்டுவண்டி, அரிக்கேன் விளக்கு, கதர்ச் சட்டைகள். கதாநாயகி தெருமுனையில் காத்து நிற்கிறாள். அவளுக்குப் பின்னால் ஒரு ஆள், கையில் ஹெல்மெட்டோடு, முதுகைக் காட்டிக்கொண்டு சாவகாசமாக நடந்து போகிறான்.

ஹெல்மெட் அண்ணாத்தே என்று பெயர் வைத்தார்கள். மீம் போட்டார்கள். ஜெபா என்கிற பையன் அந்த முதுகைக் காபிக் கோப்பையில் அச்சடித்து ஆளுக்கு ஒன்று கொடுத்தான். வெள்ளைக்காரன் காலத்திலேயே சட்டத்தை மதித்த ஒரே தமிழன் என்று கிண்டல் செய்தார்கள். என் கணவரும் சேர்ந்து சிரித்தார்.

முதுகு யாருடையது என்று அவர் அவர்களிடம் சொல்லவில்லை.

எனக்குப் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. இடது தோள் ஒரு விரற்கடை இறங்கிய அந்த நடையை எந்தக் கூட்டத்திலும் அடையாளம் கண்டுபிடிப்பேன். கேட்டதும் ஒத்துக்கொண்டார். வெள்ளானூர்ப் பக்கம் ஷூட்டிங் நடக்கிறது என்று வேடிக்கை பார்க்கப் போனவர், பைக்கை எங்கே நிறுத்தினோம் என்று தேடிக்கொண்டே தடுப்புக் கயிற்றைத் தாண்டி நடந்திருக்கிறார். அடுத்தவன் படத்தில் குற்றம் கண்டுபிடிக்கிற நாமே ஒரு குற்றமாகிவிட்டோம் என்று வெட்கப்பட்டார்.

ஜூன் மாதம் ஒரு காலை, ஷூ லேஸ் கட்டக் குனிந்தவர் நிமிரவில்லை. இதயம். யாரும் எதிர்பார்க்கவில்லை, அவரே எதிர்பார்க்கவில்லை என்று துக்கம் கேட்க வந்த எல்லோரிடமும் சொன்னேன். அது ஒன்றுதான் எனக்கு ஆறுதலாக இருந்தது. பயப்படாமல் போனார்.

போட்டோக்கள் இருக்கின்றன. நடந்து போகிற அவர் இந்தப் படத்தில் மட்டும்தான் இருந்தார். தினமும் சமையலை முடித்துவிட்டு வந்து, படத்தை இந்த இடத்தில் நிறுத்தி உட்காருவேன்.

இதை நான் பிரசன்னாவிடம் சொன்னேன். அழவில்லை. அந்த முதுகு உங்கள் அண்ணனுடையது, அதைத் துடைத்ததற்கா ஸ்வீட் வாங்கி வந்தாய் என்று மட்டும் கேட்டேன்.

அவன் மைசூர்பா டப்பாவைக் கையில் எடுத்தான். எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியிலேயே வைத்துக்கொண்டான்.

படக் கம்பெனிக்கு யார் எழுதிப் போட்டது என்று கேட்டேன்.

தனக்குத் தெரியாது என்றான். குழுவுக்குப் பொதுவாக ஒரு மெயில்தான். ஏழு பேருக்கும் பாஸ்வேர்டு தெரியும். தவறைக் கண்டுபிடித்தவர் எழுதி அனுப்பிவிடுவார், கீழே பெயர் போடமாட்டார்கள், குழுவின் பெயர்தான் இருக்கும். அப்படித்தான் வழக்கம். நன்றி சொல்லி கம்பெனியிலிருந்து பதில் வந்தபோது, அதை மட்டும் படித்துவிட்டுக் குதித்திருக்கிறார்கள்.

யார் என்று பார் என்றேன். ஒரு பெயர் கிடைத்தால் போதும் என்றிருந்தது. வாழ்நாள் முழுக்கத் திட்டுவதற்கு ஒரு பெயர்.

அவன் போனில் அந்தப் பதிலுக்குக் கீழே, இன்னும் கீழே தள்ளிக்கொண்டே போனான். நின்றான். படித்தான். பிறகு போனை என் பக்கம் நீட்டினான். என் முகத்தைப் பார்க்கவில்லை.

“அண்ணன்தான் அண்ணி எழ்திகீறாரு.”

தேதி பிப்ரவரி பதினாறு. அந்த மாதம் முழுக்க வாயுத் தொல்லை என்று என்னிடம் ஓமவாட்டர் கேட்டு வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தார்.

முதலில் விநாடிக் கணக்கு. அடுத்து, காலத்துக்குப் பொருந்தாத ஹெல்மெட். அதற்கு அடுத்து:

‘அந்த ஆள் நான்தான். கவனக்குறைவுக்கு மன்னிக்கவும். ஆபரேஷன் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார், அதிக நாள் இல்லை. நான் போன பிறகு என் மனைவி இந்த இடத்தைத் தாண்டிப் படம் பார்க்கமாட்டாள். இங்கேயே நின்றுவிடுவாள். தயவுசெய்து என்னை எடுத்துவிடவும்.’

இரண்டு முறை படித்தேன். போனைத் திருப்பிக் கொடுத்தேன்.

பிரசன்னா கண்ணைத் துடைத்துக்கொண்டு ரிமோட்டை எடுத்தான். அண்ணன் ஆசைப்பட்டதைச் செய்துவிட வேண்டும் என்று நினைத்திருப்பான். படத்தை ஓடவிட்டான். கதாநாயகி திரும்பினாள். வேறு ஏதோ வீடு வந்தது, நான் பார்த்தே இராத ஒரு கிழவர் ஏதோ பேசினார்.

“இதுக்கப்புறம்தான் அண்ணி கதையே கீது.”

ரிமோட்டை அவன் கையிலிருந்து வாங்கினேன். பின்னால் தள்ளினேன்.

காலியான தெரு வந்ததும் நிறுத்தினேன்.