பாடு லிஸ்ட்டில் பூ மழை

"தலைவருக்கு ஜால்ரா போடத்தான் உன் நைனா உன்னைக் கம்ப்யூட்டர் படிக்க வெச்சாராடி?"

செருப்பைக் கழற்றும் முன்பே ஆரம்பித்துவிட்டாள் மனோரமா.

லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்கினாள் கலைவாணி. சென்னை கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வெப்சைட் செய்து கொடுப்பவள். ஊருக்கும் ஒன்று செய்து கொடுத்திருந்தாள், ஓசியில். ஏரியில் எந்த நாள், எந்த இடத்தில், யார் வலை கட்டுவது என்ற முறைக்குப் பாடு என்று பெயர். அந்த லிஸ்ட்டைப் போனில் காட்டும். அவ்வளவுதான் அதன் வேலை.

சும்மா இருந்தாரா மீனவர் சங்கத் தலைவர் கங்காதரன்? மேலே தன் படம் வேண்டும் என்றார். படத்தின் மேல் பூ கொட்ட வேண்டும் என்றார். தொட்டால் படம் சுற்ற வேண்டுமாம், கூடவே மேளமாம். நாற்பது வரியில் இருந்த சமாச்சாரம் நாலாயிரம் வரி ஆனது.

"அவரு கேட்டதெல்லாம் சேத்துட்டியாமே! என் போன் அரதப் பழசுடி. இவ்ளோ கனத்தை அது தாங்குமா? எந்த நாள், எந்த இடம்னு தெரியாம என் புள்ளை எங்க போய் வலை கட்டுவான்? முறை தவறினா அடுத்த பாடு வர இருபது நாள் ஆவும். அதுவரைக்கும் இன்னாத்த தின்றது?"

மனோரமா தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

கலைவாணி வாயைத் திறப்பதற்குள் தலைவரே வந்துவிட்டார், புது போனும் கையுமாக. பின்னால் அவருடைய எடுபிடி முத்துராஜ்.

"பிரமாதம்மா கலைவாணி! காலையில இருந்து நாலு தபா பாத்துட்டேன்."

"என் போன்லயும் பூ கொட்டுது தலைவரே, கண்ணுலயே நிக்குது!" என்றான் முத்துராஜ்.

தலைவர் மீசையைத் தடவிக்கொண்டே தெருவில் இறங்கினார். முத்துராஜும் பின்னாலேயே போனான்.

"தூ! வெக்கமா இல்ல உனக்கு?" என்று கலைவாணியிடம் திரும்பினாள் மனோரமா.

"யக்கா, உன் போன்ல தொறந்து பாத்தியா?"

"அது எங்க தொறக்கப் போவுதுன்னு பாக்கல."

"இப்ப தொற."

மனோரமா தொட்டாள். சட்டென்று திறந்தது. வெள்ளையில் கறுப்பு எழுத்து. வியாழக்கிழமை, மூன்றாவது இடம், மனோரமா. வேறொன்றும் இல்லை.

"இன்னாடி இது? தலைவரைக் காணோம்?"

"வெப்சைட் எழுதுற முறையில வருஷா வருஷம் புதுசு புதுசா சேத்துக்கிட்டே போறாங்கக்கா. ஒண்ணு சேத்தா அது நாலு சிக்கலை இழுத்துட்டு வருது. தலைவர் கேட்டதெல்லாம் இந்த வருஷத்துச் சரக்கு. அதெல்லாம் தெரிஞ்ச போனா இருந்தா பூ கொட்டு, இல்லன்னா லிஸ்ட்டை மட்டும் காட்டுன்னு எழுதி வெச்சிட்டேன்."

"அவ்ளோ புது போன் ஊர்ல எத்தினி பேருகிட்ட கீது?"

"ஒரே ஒருத்தர்கிட்ட."

"அப்போ முத்துராஜ் பாத்தது?"

"அவன் எங்க பாத்தான்? அவன் போன்லயும் லிஸ்ட்டுதான். இதோட எட்டு பேரு தலைவர்கிட்ட அப்படித்தான் சொல்லியிருக்காங்க. அவரு காதுக்கு மட்டும் இது போயிடக் கூடாதுக்கா. எல்லார் போன்லயும் கொட்டுன்னு உக்காந்துடுவாரு."

மனோரமா எழுந்து வாசலுக்கு ஓடினாள். தெருமுனையில் திரும்பப் போன தலைவரைப் பார்த்து முழுத் தொண்டையில் கத்தினாள்.

"தலைவரே! இப்பத்தான் என் போன்ல பாத்தேன்! பூ சும்மா அள்ளுது!"