நாலாவது வண்டியும் வேண்டாம்

"மச்சான், இதுலயும் நொட்டை சொன்னீகன்னா, இனிமே வண்டி பாக்க என்னையக் கூப்பிடாதீக" என்றான் ஃபைசல்.

பந்தல்குடி ரோட்டோரத்தில், தகரக் கொட்டகைக்கு முன்னால் நின்றது அந்த வண்டி. ஏழு சீட்டு. நாலு சக்கரமும் இழுக்கிற ஃபோர் வீல். கையால் கியர் போட்டு ஓட்டுவது. இரண்டு மாதத்தில் ஃபைசல் தன் அக்கா புருஷன் ஹாஜா நஜ்முதீனுக்குக் காட்டும் நாலாவது பழைய வண்டி இது.

ஹாஜா குனிந்து கால்மிதியைத் தூக்கினார். அடியில் கையை விட்டுத் தடவி, விரலை முகர்ந்து பார்த்தார். சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுத்துப் பார்த்தார். பிறகு புழுதியில் மல்லாக்கப் படுத்து வண்டிக்கு அடியில் நுழைந்துவிட்டார். பெண் பார்க்கப் போகிறவர்கள்கூட இத்தனை குடைந்து பார்க்க மாட்டார்கள். பத்தொன்பது வருடம் சவூதியில் இருந்துவிட்டு, போன நோன்புக்குத்தான் ஒரேயடியாக ஊர் திரும்பியவர். ஐம்பத்திரண்டு வயது. அந்த வெயிலில் அவருக்கு மூச்சு வாங்கியது.

"பாய் கண்ணுக்கு எதுவும் தப்பாது" என்று புரோக்கர் சங்கையா சிரித்தார். "முன்ன பாத்த விருதுநகர் வண்டி, வெள்ளத்துல நின்ன வண்டின்னு பெல்ட் நுனியில இருந்த சேத்தை வச்சே சொல்லிட்டாரே! மெக்கானிக் கோட்டை விட்டுட்டான். சவூதியில பத்தொம்பது வருசம் ஓட்டுன ஆளுன்னா சும்மாவா?"

ஹாஜா எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டார்.

"அடியில துரு இல்ல. பெயின்ட்டும் கம்பெனி பெயின்ட்டுதான்."

"அல்ஹம்துலில்லாஹ்!" என்றான் ஃபைசல்.

"அதான் யோசனையா இருக்கு. இம்புட்டு ஓடுன வண்டி எப்படி இம்புட்டுச் சுத்தமா இருக்கும்?"

ஃபைசல் தலையில் கை வைத்துக்கொண்டான். கொட்டகை நிழலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அவன் அக்கா சைதுன் பீவி, புருஷனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மச்சான், திருச்சுழி சோலார் கம்பெனிக்காரன் வண்டி ஓட்டுற காண்ட்ராக்ட்ட எனக்காகத்தான் இன்னும் வேற ஆளுக்குக் குடுக்காம வச்சிருக்கான். ஐப்பசி பொறக்கவும் வண்டி அவன் கேட்டுக்கு முன்னாடி நிக்கணும். மழை பெஞ்சா அந்தக் கரிசல்ல ஃபோர் வீல் தவிர வேற எந்த வண்டி போகும்? ஓனரே டிரைவரா இருக்கணும்ங்கிறான். உங்களுக்குன்னே செஞ்ச வேலை. நீங்க திரும்ப சவூதிப் பக்கமே தலைவச்சுப் படுக்க வேணாம்."

"கியர் வண்டியா இருக்கேப்பா. அங்க எல்லாம் ஆட்டோ கியரு."

"கரிசல்ல கியர் வண்டிதான் பாய் இழுக்கும்" என்று சங்கையா சாவியை நீட்டினார். "பேச்சு எதுக்கு? பாலம் வரைக்கும் ஒரு ரவுண்டு ஓட்டிட்டு வாங்க. கிளச்ச மிதிச்சா உங்களுக்கே தெரிஞ்சிரும்."

ஹாஜா சாவியை வாங்கவில்லை.

"அங்க ஸ்டியரிங் இடது பக்கம். லாரியா வார ரோட்டுல சட்டுனு ஓட்ட முடியாது. முட்டி வேற வலிக்குது. ஃபைசல் ஓட்டட்டும்."

ஃபைசல் ஓட்டிப் போனான். கால் மணி நேரம் கழித்து முகமெல்லாம் சிரிப்பாக வந்து இறங்கினான்.

"ஃபோர் வீல் போட்டு ஓடைக்குள்ள எறக்கி ஏத்திட்டேன் மச்சான். அலுங்காம ஏறுது!"

"மனசுக்குப் பிடிக்கல ஃபைசல். வேணாம்."

அவ்வளவுதான். ஃபைசல் பைக்கை உதைத்துக் கிளப்பினான்.

"லாத்தா, இவுகளுக்கு வண்டி வாங்குற எண்ணமே இல்ல. இனி நீயாச்சு, உன் புருஷனாச்சு!"

அருப்புக்கோட்டை பஸ்ஸில் இருவருக்கும் சேர்ந்தாற்போல் இடம் கிடைத்தது. ஹாஜா ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்தார். வெளியே உழுது போட்ட கரிசல் மழைக்குக் காத்துக் கிடந்தது. உடம்பு அலுப்பைத் தூங்கித் தீர்த்துவிடலாம், மனசு அலுப்புக்கு என்ன செய்வது என்று இருந்தது அவருக்கு.

"சைதுனு..."

"ம்."

"பேசாம நான் திரும்பப் போயிரட்டா? பழைய எடத்துலயே விசா தாரேங்கிறாக. ரெண்டு வருசந்தான்."

சைதுன் பீவிக்குச் சுருக்கென்றது.

"ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா வந்து ரெண்டு மாசம் இருந்துட்டுப் போவீக. இனிமேயும் அதே பொழப்பா? நான் மாட்டேன்."

"வேற என்ன செய்ய? தோதா ஒரு வண்டி அமைய மாட்டேங்குதே."

"இந்த வண்டி நல்ல வண்டிதான். ஆருக்கும் குடுத்துராதீகன்னு சங்கையா அண்ணன்கிட்ட சொல்லிட்டுத்தான் பஸ் ஏறுனேன்."

ஹாஜா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"என்னையக் கேக்காமயா?"

முன் சீட்டுக்காரர் காதில் விழாதபடி அவர் பக்கம் சாய்ந்து, சைதுன் பீவி தாழ்ந்த குரலில் சொன்னாள்:

"காரியாபட்டியில டிரைவிங் ஸ்கூல்ல பேசி வச்சிருக்கேன், நாளைக்குக் காலையில வரச் சொல்லியிருக்காக, அங்க நம்மள ஒருத்தருக்கும் தெரியாது. பத்தொம்பது வருசம் சவூதியில வண்டி கழுவுன ஆளுக்கு, ஓட்டப் படிக்க ஒரு மாசம் பத்தாதா?"