துரை கண்ட ஆரோக்கியம்

ஹாங்காங்கில் பிளேக் பரவிய கோடை; அதில் செத்தவர்களை அரசாங்கம் சுண்ணாம்புக் குழியில் கொட்டிவந்தது. சுகாதாரத் துரை சிப்பாய்களோடு வந்து மூக்கைப் பொத்தியபடி ஆ குவாயின் வீட்டு வாசலில் நின்றார். உள்ளே அவளும் கணவன் லாவ் சிங்கும் கொழுந்தன் லாவ் ஹிங்கும் டோமினோக் காய்களைப் பரப்பி உட்கார்ந்திருந்தார்கள்.

"பன்னித் தொழுவமாடா இது? யாருக்குக் காய்ச்சல்?"

"யாருக்கும் இல்ல தொரை" என்ற ஹிங்குக்குக் கை வெடவெடத்தது. காய் நழுவி விழுந்தது.

"புளுகாதே! நடுக்கமே சொல்லுதே. இவனை ஆஸ்பத்திரிக் கப்பலுக்கு இழுத்துட்டுப் போங்க!"

"ஐயோ, அது பயத்துல வர்ற நடுக்கம் தொரை!"

"எனக்கே வைத்தியம் சொல்றியா? உன் புருஷனைப் பாரு, ஆடாம அசையாம உக்காந்திருக்கான். அவன் ஆரோக்கியமான ஆளு!"

ஹிங்கை இழுத்துப் போனார்கள். ஆ குவாய் கதவைச் சாத்தினாள்.

"உங்க தம்பிக்குத்தான் நோயாம். நீங்க நல்லாருக்கீங்களாம், மேதாவி சொல்லிட்டான். இனி உங்களைச் சுண்ணாம்புக் குழியில கொட்டமாட்டான். கண்ணை மூடிக்கங்க."

காலையிலேயே செத்துப்போயிருந்த கணவனின் இமைகளை இழுத்து மூடினாள்.