கேமராவுக்குப் பின்னால்

சுகந்தியின் கருமாதியில் காட்ட அவளுடைய வீடியோ ஒன்று வேண்டுமென்று, வீடியோக்களைப் பெயர் குறித்து அடுக்கிவைக்கும் வீட்டின் பேசும் கணினிப் பெட்டகத்திடம் கேட்டான் அவள் கணவன் முகுந்தன்.

"எல்லாத்தையும் எடுத்ததே அவங்கதாங்க. முகம் எதுலயும் இல்ல," என்றது பெட்டகம்.

"குரலாவது இருக்குமே?"

"சுத்தம் பண்ணச் சொன்னீங்களே. படத்துல இல்லாதவங்க பேச்சையெல்லாம் இரைச்சல்னு குறிச்சு அழிச்சிட்டேன்."

அவன்தான் சொன்னான். 'இங்க பாரு தங்கம், இங்க பாரு' என்று அவள் நொய்நொய்யென்று பேசுவது அன்றைக்கு எரிச்சலாக இருந்தது.

"ஏதாவது ஒண்ணப் போடு," என்றான்.

மகளின் முதல் பிறந்தநாள் ஓடியது. குழந்தை கேமராவுக்குச் சற்று மேலே பார்த்துப் பார்த்து, யாரோ கூப்பிட்டதற்குப் பதில்போலக் கைகொட்டிச் சிரித்தது. அந்தச் சிரிப்பு மட்டும் வெகு துல்லியமாகக் கேட்டது.