மூட்டை மசோதா

பள்ளிக்கூடத்து மாதிரி நாடாளுமன்றத்தில் பிள்ளைகள் நிறைவேற்றும் மசோதா, மறுநாள் காலையிலேயே நாட்டுக்கே சட்டமாகிவிடும் என்றாகிப்போன காலம் அது. தூத்துக்குடி இருளப்பன் கழுத்தைத் தடவிக்கொண்டு அந்த வெள்ளிக்கிழமைக்காகக் காத்திருந்தார். இருபது கிலோவுக்கு மேல் மனிதன் தலையில் சுமக்கக் கூடாது என்று ஒரு மசோதா வருகிறது. அவர் அன்றாடம் சுமப்பதோ ஐம்பது கிலோ சிமெண்ட் மூட்டை.

யார் எந்தப் பக்கம் பேசுவது என்று சீட்டுக் குலுக்கிப் போடுவார்கள். அவர் மகள் செல்வக்கனிக்கு மசோதாவை எதிர்க்கும் பக்கம் விழுந்தது.

“ஏட்டி, கொஞ்சம் திக்கித் திணறிப் பேசேன். ஒரு தடவ தோத்தா கொறஞ்சா போயிருவ?”

“எப்பா, இந்த மாவட்டத்துல நான் யார்கிட்டயும் தோத்ததில்ல. ஒங் கழுத்துக்காகத் தோக்கச் சொல்லுதியா?”

“பின்ன யாரு கழுத்துக்காகத் தோப்ப?”

வெள்ளிக்கிழமை சபையில் செல்வக்கனி எழுந்தாள். “மூட்டை சிறுத்தால் கூலியும் சிறுக்கும். பாரத்தை இறக்குகிறோம் என்று எங்கள் அடுப்பை அணைத்துவிடாதீர்கள்!” என்று அவள் முழங்க, இருளப்பனுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. தன் பிழைப்பைப் பற்றி இத்தனை அழகாக ஒருவரும் பேசி அவர் கேட்டதில்லை.

பெற்றோருக்கும் ஓட்டு உண்டு. மசோதாவை எதிர்ப்பவர்கள் கை தூக்கலாம் என்று சபாநாயகராக இருந்த சிறுமி சொன்னதும், அவர் கைதான் முதலில் மேலே போனது.

ஒரே ஓட்டு வித்தியாசத்தில் மசோதா தோற்றது.

வெளியே வந்த செல்வக்கனி, இடுப்பு உயரத்துக்கு இருந்த வெற்றிக் கோப்பையை அவர் முன்னால் இறக்கி வைத்தாள்.

“எப்பா, ரொம்பக் கனக்கு. நீ தூக்கிக்கிடுதியா?”

இருளப்பன் துண்டைச் சும்மாடு கட்டித் தலையில் வைத்துக்கொண்டு குனிந்தார்.

“ஏத்தி விடுட்டி. அதான் தடையே இல்லன்னு ரெண்டு பேருமாச் சேந்து ஆக்கிட்டோமே.”