எல்லைக்கு இந்தப் பக்கம் அரை மணி

எந்த மாநிலத்தில் இருந்து உழைக்கிறோமோ, அந்த நிமிடத்தின் வருமான வரி அந்த மாநிலத்துக்கு. புளியரைக்காரர்களான எங்களுக்கு வேலை கேரளத்துக் கொல்லத்தில். அதனால் தினமும் கணினி அனுமதிக்கும் எட்டு மணி நேர வேலையில் கொஞ்சம் மிச்சம் வைத்து, மாலை பஸ் தமிழ்நாட்டு எல்லையைத் தாண்டியதும் நாற்பது பேரும் மடிக்கணினியைத் திறப்போம். அந்த நிமிடங்கள் ஆண்டு இலக்கைத் தொடாவிட்டால் எங்கள் ஊர் டாக்டரை எடுத்துவிடுவார்கள்.

நேற்று மார்ச் முப்பத்தொன்று. எல்லார் நிமிடங்களையும் சேர்த்தும் இலக்குக்குக் குறையும் கடைசி அரை மணிக்காகவே, ஸ்கேன் படிக்கும் செண்பகவல்லி அக்கா ஒரு முழங்கால் படத்தை ஒதுக்கி வைத்திருந்தார். எல்லைக்கு முன்னால் லாரி வரிசையில் பஸ் நின்றபோது அவருக்கு விபத்துப் படம் ஒன்று வந்தது.

"பத்து நிமிஷத்துல தாண்டிரும், பொறுங்கக்கா," என்றேன்.

"மண்டைக்குள்ள ரத்தம் கசியுது. இதுக்குப் போயி எல்லையா பாக்கது?"

படித்து முடித்தார். அன்றைய வேலை நேரம் தீர்ந்து அவர் கணினி தானாகவே பூட்டிக்கொண்டது.

புளியரை வந்தும் யாரும் இறங்கவில்லை. எல்லை தாண்டியதும் வேலை பார்த்து எங்கள் நேரமும் தீர்ந்திருந்தது. இலக்குக்கு அந்த அரை மணி குறைந்தே நின்றது. அப்போது கண்டக்டர் சஜிகுமார், எல்லைக்கு அந்தப் பக்கத்து ஆரியங்காவுக்காரர், தம் ஊர் டிப்போவில் முடிக்க வேண்டிய டிக்கெட் கணக்கை மடியில் விரித்தார்.

"இதும் ஜோலிதான். இவிடெ இருந்து எழுதாம்."

அவர் அங்கேயே உட்கார்ந்து அரை மணி எழுதி முடிக்கும்வரை நாற்பது பேரும் எழுந்து நின்றோம்.

டாக்டர் இருக்கிறார். ஆஸ்பத்திரியில் நேற்றைய நிமிடக் கணக்குப் பலகையில் முதல் பெயர் சஜிகுமார், அரை மணி. அடுத்தது செண்பகவல்லி, பூஜ்யம். அந்தப் பூஜ்யத்தைப் பெரிதாக எழுதச் சொன்னது நாங்கள்தான்.