எல்லாத்துக்கும் ஒரே லாகின்

“நூலகம், லேப், ஆபீஸ், எல்லாக் கம்ப்யூட்டருக்கும் ஒரே லாகின். மதியம் ஸ்கூல் கமிட்டி முன்னாடி ஓடலைன்னா உங்க கான்ட்ராக்ட் காலி” என்றார் தலைமையாசிரியை.

டெக்னீஷியன் தலையைச் சொறிந்தார். “உங்க லேப்டாப்பையுமா சேர்க்கணும் மேடம்? அப்புறம் எந்த மிஷினைத் திறந்தாலும் உங்க லேப்டாப்புல இருக்கிற படம்தான் வரும்.”

“எல்லாம்னா எல்லாம்தான். வாயாடாம வேலையைப் பாருங்க.”

அங்கிருந்த ஆசிரியைகள் டெக்னீஷியனைப் பாவமாகப் பார்த்தார்கள்.

மதியம் கமிட்டி வந்தது. தலைமையாசிரியை கூடத்துக் கம்ப்யூட்டரில் கடவுச்சொல்லைத் தட்டினார். பெரிய திரையில் அவருடைய லேப்டாப்பின் முகப்புப் படம் பளிச்சென்று விரிந்தது. மாலையும் கழுத்துமாகத் தலைமையாசிரியை. பக்கத்தில், அதே மாதிரி மாலையோடு டெக்னீஷியன்.

கூடம் கொல்லென்று சிரித்தது.

“டெண்டர் குடுத்தப்போ இவர் யாருன்னே தெரியாதுன்னீங்களே மேடம்?” என்றார் கமிட்டித் தலைவர்.

தலைமையாசிரியை டெக்னீஷியன் பக்கம் திரும்பிப் பல்லைக் கடித்தார்.

“வீட்டுக்கு வாங்க, வச்சுக்கறேன்.”